நிலாவப் பாக்கலாம், முழங்கால் மடங்கக் கூடாது

எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல சித்தி ஒரு வாய்ஸ் நோட் ஃபார்வர்டு பண்ணிருந்தாங்க. யாரோ ஒரு பாஸ்டர், குழந்தைக்கு நிலாவக் காட்டி சோறு ஊட்டறது, நிலாவ வா வான்னு கூப்பிடறது எல்லாமே சந்திர ஆராதனைதான், விசுவாசி வீட்ல இது நடக்கவே கூடாது, உபாகமம் 4:19 எடுத்து வாசிங்கன்னு அடிச்சுப் பேசறார். எங்க அக்காவுக்கு ஒன்றரை வயசுல ஒரு பொண்ணு இருக்கு, மொட்டமாடிக்குத் தூக்கிட்டுப் போய் நிலாவக் காட்டினாத்தான் வாயத் தொறக்கும். அவ உடனே "சரி சித்தி, நாளைல இருந்து நீங்களே வந்து ஊட்டி விடுங்க"ன்னு பதில் போட்டா. எல்லாரும் சிரிச்சு வச்சாங்க, மேட்டர் அதோட முடிஞ்சுது. எனக்குத்தான் முடியல. ஏன்னா அந்த வசனம் ரொம்ப நாளா எனக்கு உறுத்திட்டே இருக்கற வசனம், அதுவும் அந்த பாஸ்டர் வேகமா வாசிச்சுத் தாண்டிப் போன வரிதான் உறுத்தற வரி.

மோசே தன் கடைசி காலத்துல, யோர்தானத் தாண்ட முடியாதுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் ஜனங்கள உக்கார வச்சுப் பேசற பேச்சுல வர்ற இடம் அது. மொதல்ல ஆண் பெண் உருவம், மிருகம், பறவை, ஊர்றது, மீனு, இதுல எதையும் செஞ்சு வச்சுக் கும்பிடாதீங்கன்னு வரிசையா சொல்றார். அப்புறம் திடீர்னு தலையத் தூக்கறார். வானத்த அண்ணாந்து பாத்து, சூரியன் சந்திரன் நட்சத்திரம் எல்லாத்தையும் கண்டு, மயங்கிப் போய்க் கும்பிட்டுடாதீங்க, ஜாக்கிரதைங்கறார். இந்த ரெண்டு பகுதிக்கும் நடுவுல தொனி மாறிடுது பாருங்க. பைபிள்ல விக்கிரகத்தப் பத்திப் பேசினாலே நக்கல் தூக்கலா இருக்கும். ஏசாயா 44ல ஒருத்தன் மரத்த வெட்டி, பாதிய அடுப்புல போட்டு அப்பம் சுட்டுத் தின்னுட்டு, மீதிய செதுக்கி வச்சு அதுகிட்டயே "என்னக் காப்பாத்து"ங்கறான். சங்கீதம் 115ல வாய் இருக்கு பேசாது, கண் இருக்கு பாக்காதுன்னு கிண்டல். ஆனா இந்த நக்கல் எதுவும் நிலாகிட்ட செல்லாது. அத யாரும் செதுக்கல, எந்தத் தச்சனும் கூலி வாங்கல, அடுப்புல போட முடியாது. அது நெஜமாவே மேல இருக்கு, நெஜமாவே அழகா இருக்கு, கடவுள் செஞ்சதுதான்னு பைபிளே ஒத்துக்குது. அதனாலதான் அந்த எடத்துல கேலி இல்லாம வெறும் எச்சரிக்கை மட்டும் இருக்குன்னு எனக்குத் தோணுது.

யோபு 31ல இது இன்னும் கிட்டத்துல தெரியும். யோபு தான் செய்யாத பாவத்தையெல்லாம் சத்தியம் பண்ணி வரிசையா சொல்லிட்டு வர்றான், ஏழைய ஏமாத்தல, அடுத்தவன் பொண்டாட்டியப் பாக்கல, தங்கத்த நம்பலன்னு. நடுவுல, சந்திரன் பிரகாசமா நகந்து போறதப் பாத்து என் மனசு ரகசியமா மயங்கி, என் வாய் என் கைய முத்தம் பண்ணுச்சுன்னா அதுவும் தண்டனைக்குரிய குத்தம்தான்ங்கறான். பலிபீடம் இல்ல, தூபம் இல்ல, ஆளுங்க கூட இல்ல. ராத்திரில தனியா ஒருத்தன் நிக்கறான், கை உதட்டுக்குப் போகுது, அவ்ளோதான், இன்னிக்கு நாம ஃப்ளையிங் கிஸ்ங்கறோமே கிட்டத்தட்ட அதுதான். இவ்ளோ சின்ன அசைவ ஒரு மனுஷன் குத்தப் பட்டியல்ல சேக்கணும்னா, அந்த ஆசை அவனுக்குள்ள எவ்ளோ தூரம் வந்துட்டுப் போயிருக்கணும்?

மொட்டமாடில நடந்த கதை

இது ஏதோ புறஜாதியார, அதாவது இஸ்ரவேலர் அல்லாதவங்கள, பாத்துப் போட்ட சட்டம்னு நம்ம சபைகள்ல பேசிக்குவாங்க. பைபிளயே வாசிச்சா கதை வேற. அக்கம்பக்கத்துல சந்திர வழிபாடு இருந்தது உண்மைதான். ஆபிரகாம் பொறப்பட்ட ஊர், கொஞ்ச காலம் தங்கின ஆரான், ரெண்டுமே பாபிலோனியர்களோட சந்திர தேவன் சின்னுக்குப் பேர்போன ஊருங்க. மேல் கலிலேயாவுல ஆத்சோருங்கற பழைய ஊர்ல 1950கள்ல யிகாயேல் யாதின்ங்கற தொல்லியல் ஆய்வாளர் தோண்டினப்போ, ஒரு சின்னக் கோயில்ல வரிசையா நட்டு வச்ச கருங்கல்லுங்க கெடச்சுது. அதுல ஒண்ணுல மட்டும் செதுக்கல் இருக்கு: ரெண்டு கை, மேல நீட்டினபடி, அதுக்கு மேல ஒரு பிறையும் வட்டமும். மொகம் இல்ல, உடம்பு இல்ல, வெறும் கை. 3200 வருஷத்துக்கும் மேல பழசு, இஸ்ரவேலர் வர்றதுக்கு முந்தின கானானியர் வேலை. இப்ப எருசலேம்ல இஸ்ரேல் மியூசியத்துல இருக்கு. நான் போட்டோவுலதான் பாத்தேன், அந்தக் கைய ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன்.

ஆனா தீர்க்கதரிசிங்க கத்தினது எல்லாம் எருசலேம்காரங்களப் பாத்துதான். செப்பனியா, எரேமியா ரெண்டு பேரும் வீட்டு மொட்டமாடில வானத்துச் சேனைக்கு, அதாவது சூரியன் சந்திரன் நட்சத்திரங்களுக்கு, தூபம் காட்றவங்களத் திட்றாங்க. மனாசே ராஜா, 55 வருஷம் ஆண்டவன், அசீரியாவுக்குக் கப்பம் கட்டிட்டிருந்த காலம், அவன் ஆலயத்தோட ரெண்டு பிராகாரத்துலயும் வானத்துச் சேனைக்கு பலிபீடம் கட்டினான். அப்புறம் அவன் பேரன் யோசியா கி.மு. 622 வாக்குல பெரிய சுத்திகரிப்பு நடத்தறப்போ 2 இராஜாக்கள் 23ல வர்ற பட்டியல வாசிக்கணும், ஒரு தாசில்தார் ஆபீஸ் ஜப்தி லிஸ்ட் மாதிரியே இருக்கும். சூரியனுக்கும் சந்திரனுக்கும் கிரகங்களுக்கும் தூபம் காட்டின பூசாரிங்க, அதுவும் யூதா ராஜாக்களே வேலைக்கு வச்ச பூசாரிங்க. ஆகாஸ் மேல்வீட்டு மாடில இருந்த பலிபீடங்கள். சூரியனுக்குன்னு நேந்து விட்ட குதிரைங்க, ஆலய வாசல்ல, நாத்தான்மெலெக்குங்கற அதிகாரியோட அறைக்குப் பக்கத்துல. சூரியனோட ரதங்கள், அத நெருப்புல போட்டுச் சுட்டான்.

அந்த நாத்தான்மெலெக்கு பேர் பைபிள்ல அந்த ஒரு எடத்துலதான் வருது. 2019ல எருசலேம் தாவீதின் நகரம் அகழாய்வுல ஒரு களிமண் முத்திரை கெடச்சதா அறிவிச்சாங்க, ஒரு சென்டிமீட்டர் சைசு, "நாத்தான்மெலெக்கு, ராஜாவின் ஊழியக்காரன்"னு எழுதிருக்கு, அதே காலகட்டத்து எழுத்து. அதே ஆள்தானான்னு சத்தியம் பண்ண முடியாது, அந்தக் காலத்துல ஒரே பேர்ல நாலு பேர் இருந்திருப்பாங்க. ஆனாலும் தன் ரூம் பக்கத்துல சூரியனோட குதிரை கட்டிக் கெடந்தப்போ இந்த மனுஷன் தெனம் அதத் தாண்டித்தான ஆபீஸ் போயிருப்பான், சாணி வாசனையோடன்னு நெனச்சா எனக்கு அந்த அதிகாரம் முழுக்க உயிர் வந்துடுது.

இதுக்கெல்லாம் அப்புறமும் விடல. எசேக்கியேல் 8ல ஆலய வாசப்படிலயே ஒரு இருபத்தஞ்சு பேரு ஆலயத்துக்கு முதுகக் காட்டிட்டு கெழக்கப் பாத்து சூரியனக் கும்பிடறாங்க. எரேமியா 44 இன்னும் சங்கடம். எருசலேம் விழுந்து, மிச்சம் இருந்தவங்க எகிப்துக்கு ஓடிப் போயிட்டாங்க. அங்க எரேமியா வானராக்கினிங்கற பெண் தெய்வத்துக்குத் தூபம் காட்டாதீங்கன்னு திட்றப்போ ஜனங்க, முக்கியமா பொம்பளைங்க, நேருக்கு நேரா பதில் சொல்றாங்க: நாங்க அவளுக்குத் தூபம் காட்டின காலத்துல வயிறாரச் சாப்ட்டோம், நல்லா இருந்தோம், அத நிறுத்தின நாள்ல இருந்துதான் பஞ்சமும் பட்டயமும், எங்க புருஷமாருக்குத் தெரியாமலா அப்பம் சுட்டோம்? எரேமியா சொல்றார், நீங்க அதச் செஞ்சதாலதான் இந்தக் கதி. ஒரே நாசத்த வச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் நேர் எதிரா கணக்குப் போடறாங்க. அந்தப் பொம்பளைங்க பேச்ச வெட்டாம பைபிள்ல அப்படியே வச்சிருக்காங்களே, அதுக்காகவே எனக்கு அந்தப் புஸ்தகத்து மேல மரியாதை.

ரெண்டு சாட்சி

சரி, இப்ப நான் மாட்டிக்கிட்ட எடத்துக்கு வர்றேன். உபாகமம் 17ல, சூரியனையோ சந்திரனையோ கும்பிட்டவனுக்குக் கல்லெறிஞ்சு மரண தண்டனைன்னு இருக்கு. வாசிக்கவே கஷ்டம்தான். ஆனா அதுலயே ஒரு பூட்டும் போட்டிருக்காங்க: நல்லா விசாரிக்கணும், ரெண்டு மூணு சாட்சி வேணும், ஒத்த ஆள் சாட்சில யாரையும் கொல்லக் கூடாது, மொதக் கல்ல சாட்சி சொன்னவனே எறியணும். இந்தச் சட்டத்தப் படிச்ச கொஞ்ச நாள் கழிச்சு எதேச்சையா மிஷ்னால ரோஷ் ஹஷானாங்கற பகுதிய வாசிச்சேன், யூதர்களோட வாய்வழிச் சட்டத் தொகுப்பு, கி.பி. 200 வாக்குல எழுத்தாச்சு. அங்க நிலா பொறந்துச்சுன்னு அறிவிக்க என்ன வேணும் தெரியுமா? அதே ரெண்டு சாட்சி. நிலாவக் கும்பிட்டவன தண்டிக்கவும் ரெண்டு பேர் பாத்திருக்கணும், நிலா வந்துச்சுன்னு சொல்லவும் ரெண்டு பேர் பாத்திருக்கணும். நான் அப்படியே புஸ்தகத்த மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன்.

ஏன்னா இந்த யூதர்கள் நிலாவ விட்டு வெலகியே போகல. மொத்த காலண்டரும் நிலா மேலதான் நிக்குது. பஸ்கா பண்டிகை பௌர்ணமில வருது. எண்ணாகமம் 28ல ஒவ்வொரு மாசப் பிறப்புக்கும் ரெண்டு காளை, ஒரு ஆட்டுக்கடா, ஏழு ஆட்டுக்குட்டி, பாவநிவாரணத்துக்கு ஒரு வெள்ளாட்டுக்கடான்னு கணக்கு எழுதிருக்கு. மாசம் 29 நாளா 30 நாளான்னு தெரிய யாராவது மேற்கு வானத்த உத்துப் பாத்துட்டே இருக்கணும். பாத்தவங்க கோர்ட்டுக்கு வரணும், முக்கியமான மாசங்களுக்கு ஓய்வுநாள மீறிக்கூட நடந்து வரலாம்னு அனுமதி, ஓய்வுநாள்ல ஒரு துரும்பத் தூக்க யோசிக்கற சமூகத்துல. எருசலேம்ல பெத் யாசேக்னு ஒரு முற்றத்துல அவங்களுக்கு விருந்து, அப்பத்தான் அடுத்த தடவையும் வருவாங்கன்னு. சூதாடறவன், வட்டிக்கு விடறவன், புறாப் பந்தயம் விடறவன் சாட்சி எல்லாம் செல்லாது. வந்தவங்கள ஒவ்வொருத்தரா கூப்ட்டு குறுக்கு விசாரணை: சூரியனுக்கு முன்னால பாத்தியா பின்னால பாத்தியா, வடக்க இருந்துச்சா தெக்க இருந்துச்சா, எவ்ளோ ஒசரம், எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு, எவ்ளோ அகலம்? ஒத்துப் போனா அறிவிப்பு, ஒருகாலத்துல ஒலிவ மலைல இருந்து மலைக்கு மலை தீப்பந்தம் காட்டி பாபிலோன் திசை வரைக்கும் சேதி அனுப்பிட்டிருந்தாங்க.

யூத அறிஞர்கள் சபை இருந்த யாப்னே ஊர்ல தலைவரா இருந்த ரப்பான் கமாலியேல் தன் மேல்வீட்டுச் சுவத்துல நிலாவோட படங்கள மாட்டி வச்சிருந்தார். படிக்காத சாட்சிங்க வந்தா அதக் காட்டி "இப்படியா பாத்த, இல்ல இப்படியா?"ன்னு கேப்பார். தல்மூட், மிஷ்னாவ அலசி எழுதின விவாதத் தொகுப்பு, சும்மா விடுமா? சூரிய சந்திர உருவம் செய்யக் கூடாதுன்னு சட்டம் இருக்கறப்போ இவர் எப்படி நிலாப் படம் மாட்டலாம்னு கேக்குது. வேற யாரோ செஞ்சு குடுத்திருப்பாங்கன்னு ஒரு பதில். கத்துக்கறதுக்கும் கத்துக் குடுக்கறதுக்கும்னா தப்பில்லன்னு இன்னொரு பதில். எனக்கு ரெண்டாவது பதில் போதும். சட்டம் போட்டவங்களோட வாரிசுங்க வீட்டுச் சுவத்துலயே நிலா தொங்குது, வாத்தியார் வச்ச சார்ட்டு மாதிரி, அதுக்கு முன்னால யாரும் கை கூப்பல, எல்லாரும் விரல நீட்டிச் சண்டை போடறாங்க.

சண்டைன்னா சாதாரண சண்டை இல்ல. ஒரு தடவ ரெண்டு பேர் வந்து நிலாவப் பாத்தோம்னாங்க, ஆனா அடுத்த ராத்திரி நிலாவக் காணோம். கமாலியேல் சாட்சிய ஏத்துக்கிட்டார். தோசா பென் ஹர்கினாஸ்ங்கற இன்னொரு அறிஞர், "இவங்க பொய்ச் சாட்சி, ஒரு பொம்பள நேத்து புள்ள பெத்தான்னு சாட்சி சொல்லிட்டு, இன்னிக்கு அவ வயிறு முன்னால தள்ளிட்டு நின்னா எப்படி"ன்னார். ரப்பி யோசுவாவும் அவர் பக்கம். விட்டா ரெண்டு காலண்டர் ஆயிடும்னு கமாலியேல் யோசுவாவுக்கு ஆள் அனுப்பறார்: உன் கணக்குப்படி பாவநிவாரண நாள் என்னிக்கோ, அன்னிக்கு கைத்தடியும் காசும் எடுத்துக்கிட்டு என்கிட்ட வரணும். வருஷத்துலயே புனிதமான நாள்ல, பண்ணக் கூடாத ரெண்டையும் பண்ணிக் காட்டுன்னு அர்த்தம். யோசுவா நொந்து போயிட்டார். ரப்பி அகிபா வந்து, பண்டிகைய நீங்க கூறினாத்தான் பண்டிகை, சரியான நேரமோ தப்பான நேரமோ கோர்ட் சொன்னதுதான் கணக்குன்னு தேத்தறார். யோசுவா தடியோடயும் காசோடயும் நடந்து போறார். கமாலியேல் எந்திரிச்சு அவர் தலைல முத்தம் குடுத்து, அறிவுல நீ எனக்கு குரு, என் சொல்லக் கேட்டதுல நீ எனக்கு சீடன்னு சொல்றார்.

வானத்துல இருக்கறத விட தரையில கோர்ட்டா உக்காந்திருக்கற மூணு பேர் தீர்ப்புதான் பெருசுன்னு சொல்ற எடத்துல, நிலா எப்படி தெய்வமாகும்? தடை போட்டவங்க கண்ண மூடச் சொல்லல. கண்ண நல்லாத் தொறந்து பாத்து, பாத்தத வந்து வாக்குமூலமா குடுன்னு சொல்லிருக்காங்க. கும்பிடறவன் ஒருத்தனும் நிலாவ இவ்ளோ கறாரா கவனிச்சிருப்பானான்னு எனக்குச் சந்தேகம்தான். நம்ம பாஸ்டர்மாருங்க சொல்ற "பாக்காதே, காட்டாதே"க்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அந்த மாசப்பிறப்பு வெள்ளாட்டுக்கடா பத்தியும் தல்மூட்ல ஒரு கதை இருக்கு. ஆதியில சூரியன், நிலா ரெண்டும் சம வெளிச்சம். நிலா போய், ரெண்டு ராஜா ஒரே கிரீடத்த வச்சுக்க முடியுமான்னு கேட்டுச்சாம். சரி, அப்ப நீ சின்னதாயிடுன்னுட்டார் கடவுள். நியாயமாத்தான கேட்டேன்னு நிலா அழ, அவர் என்னென்னமோ சொல்லித் தேத்தறார், அது ஆறல. கடைசில, நிலாவச் சின்னதாக்கினதுக்காக எனக்காக ஒரு பரிகாரம் செலுத்துங்கன்னு கடவுளே சொன்னாராம், அதுதான் அந்தக் கடா. நிலாவ வணங்காதவங்கதான், ஆனா அதோட மனத்தாங்கலுக்கு கடவுளையே பதில் சொல்ல வச்சுட்டாங்க.

இன்னிக்கும் பக்தியான யூதர்கள் மாசாமாசம் வளர்பிறைல வெளிய வந்து நின்னு நிலாவுக்கான ஆசீர்வாத ஜெபம் சொல்றாங்க. நிலாவப் பாத்து, உன்னப் பாத்துக் குதிக்கறேன் ஆனா தொட முடியலன்னு சொல்லி மூணு தரம் கால் நுனில எம்பறாங்க. அப்படி எம்பறப்போ முழங்கால் மடங்கிடக் கூடாது, கும்பிடற மாதிரி தெரிஞ்சுடும்னு சட்டப் புஸ்தகத்துல எழுதி வச்சிருக்காங்க. ஜெபம் ஆரம்பிக்கறப்ப ஒரு தடவ பாத்துட்டு அதுக்கப்புறம் உத்துப் பாக்காதேன்னும் ஒரு குறிப்பு. குதிக்கலாம், பேசலாம், பாடலாம், முழங்கால் மட்டும் நேரா இருக்கணும். யோபுவோட கைக்குப் போட்ட அதே கோடு இங்க காலுக்கு.

கோடு எல்லா எடத்துலயும் இவ்ளோ சுத்தமா இல்லங்கறதும் உண்மை. 1928 கடைசில இஸ்ரேல்ல பெத் ஆல்பா பக்கம் ஒரு கிப்புட்ஸ்காரங்க, அதாவது கூட்டுப் பண்ணைக்காரங்க, வாய்க்கால் வெட்டறப்போ ஆறாம் நூற்றாண்டு ஜெப ஆலயத் தரை ஒண்ணு வெளிய வந்துச்சு. நடுவுல பன்னெண்டு ராசிச் சக்கரம், அதுக்கு நடுவுல நாலு குதிரை பூட்டின ரதத்துல தலையச் சுத்திக் கதிரோட சூரியன், பின்னால பிறையும் நட்சத்திரமும். வேலை செஞ்ச மரியானோஸ், அவர் மகன் ஹனினா பேர்கூட இருக்கு. யோசியா எரிச்ச ரதம் ஆயிரத்து நூறு வருஷம் கழிச்சு சொந்த ஆலயத் தரைல. காலண்டர்தான், அலங்காரம்தான்னு ஆராய்ச்சிக்காரங்க பல விளக்கம் சொல்றாங்க. மக்கள் மிதிச்சு நடக்கற தரைல போட்டதால அது தெய்வம் இல்லன்னு நானா ஒரு சமாதானம் சொல்லிக்கறேன், அது எவ்ளோ தாங்கும்னு பாப்போம்.

யாருக்குப் போட்ட சட்டம்?

இப்ப அந்த உறுத்தற வரி. சூரியன், சந்திரன், நட்சத்திரத்தையெல்லாம் "உன் தேவனாகிய கர்த்தர் வானத்தின்கீழ் இருக்கற எல்லா ஜனங்களுக்கும் ஏற்படுத்தினார்"னு அதே வசனம் சொல்லுது. என்னத்துக்கு ஏற்படுத்தினார்? அடுத்த வசனமே, உங்களையோ எகிப்துங்கற இரும்புக் காளவாய்ல இருந்து எடுத்து தனக்குன்னு வச்சுக்கிட்டார்ங்குது. மத்தவங்களுக்கு வானம், உங்களுக்கு நான், பங்கு பிரிச்சாச்சுங்கற மாதிரிதான் கேக்குது.

இது எனக்கு மட்டும் வந்த சந்தேகம் இல்ல. 11ஆம் நூற்றாண்டு பிரான்சுல ராஷிங்கற யூத உரையாசிரியர் ரெண்டு பொருள் எழுதறார்: மொதல்ல, எல்லாருக்கும் வெளிச்சம் தர்றதுக்காக. அப்புறம், தெய்வங்களா வச்சுக்கறதுக்குத்தான், அவங்க அப்படி வழி தவறிப் போறத அவர் தடுக்கல. அதுக்கு ரொம்ப முன்னாடியே, கி.பி. 200 வாக்குல, அலெக்சாந்திரியா கிளமெண்ட், கிறிஸ்தவ ஆசிரியர், நேராவே சொல்லிட்டார்: மத்த ஜனங்க கடவுளே இல்லாமப் போயிடக் கூடாதுன்னு வணங்கறதுக்காகவே அவர் சூரிய சந்திர நட்சத்திரத்தக் குடுத்தார், அதப் புடிச்சு ஏறி அவங்க கடவுள்கிட்ட வரணும்னு ஒரு வழியா. ஏறாம கல்லுலயும் மரத்துலயும் நின்னவங்களத்தான் அவர் குறை சொல்றார்.

நான் கிளமெண்ட் பக்கம்தான் சாயறேன், முழுசா இல்ல. ஏசாயா 45க்கு வந்தா சூரியன் உதிக்கற திசைல இருந்து அஸ்தமிக்கற திசை வரைக்கும் என்னத் தவிர வேற யாரும் இல்லன்னு எல்லாரும் அறியணும்னு கடவுள் சொல்றார், அங்க அந்தப் பங்கு பிரிச்ச பேச்சே காணாமப் போயிடுது. உபாகமம் ஒண்ணு சொல்லுது, ஏசாயா ஒண்ணு சொல்லுது, ரெண்டையும் ஒரே அட்டைக்குள்ள வச்சுட்டாங்க. ஆனா உபாகமம் 4:19 வசனத்த எடுத்து பக்கத்து வீட்டுக்காரர் மூணாம்பிறை பாக்கறத வெரட்ட முடியாதுங்கற வரைக்கும் எனக்குத் தெளிவா இருக்கு. அந்த வரி அவருக்குப் போட்டதே இல்ல.